வீட்டுக் கணினியில் ஹோஸ்ட்ஸ் கோப்பு: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்புரை

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டின் வரவேற்பறையில், பூசை அலமாரிக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே கிடைத்த மூன்றடி இடத்தில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. உயர்நிலை 2 படிக்கும் மகன், தொடக்கநிலை 5 படிக்கும் மகள், வேலை முடிந்து வந்து மின்னஞ்சல் பார்க்கும் மனைவி, நள்ளிரவு தாண்டியும் கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நான் என்று நால்வருக்கும் அது ஒன்றுதான். அந்தக் கணினியில் சில இணையத்தளங்கள் திறக்காதபடி செய்ய வேண்டும் என்ற தேவை கடந்த ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் வந்தது. முதலில் காசு கொடுத்து ஒரு மென்பொருளை வாங்கினேன். பிறகு, விண்டோஸுக்குள் ஏற்கனவே இருக்கும் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற சிறிய கோப்பைத் திருத்தும் வழிக்கு மாறினேன். எட்டு மாதம் அதனுடன் வாழ்ந்த பிறகு எழுதும் மதிப்புரை இது. விலை 0 வெள்ளி என்பதால் தரத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என நம்புகிறேன்.

அந்த மென்பொருளைப் பற்றிய பேச்சைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஆண்டுச் சந்தா 79 வெள்ளி, பெயர் வேண்டாம். தளங்களை விளையாட்டு, சமூக ஊடகம், வகைப்படுத்தப்படாதவை என்று பிரித்து வைத்திருந்தது. வேண்டாத வகைக்கு எதிரே குறியிட்டால் போதும் என்றது. அந்தக் கடைசி வகையில்தான் வினை. ஆங்கிலத் தளங்களை ஓரளவு அடையாளம் கண்டுகொண்ட அதற்கு, மகள் தமிழ்க் கட்டுரைக்காகத் திறந்த அகராதித் தளமும், மனைவியின் ஊர்க் கோயில் தளமும் எந்த வகையிலும் சேராதவையாகத் தோன்றின, இரண்டையும் தடுத்தது. குறியை எடுத்துவிட்டால் ஊர் பேர் தெரியாத விளையாட்டுத் தளங்கள் எல்லாம் தாராளமாகத் திறந்தன. கணினியும் தொடங்குவதற்குள் ஒரு தேநீர் போட்டு எடுத்து வந்துவிடலாம் என்ற அளவுக்கு மந்தமானது. சந்தாவை நிறுத்துவதற்கு மூன்று மின்னஞ்சல்கள் எழுத வேண்டியிருந்தது.

ஹோஸ்ட்ஸ் கோப்பின் வேலை இதைவிட மிக எளிமையானது. உலாவியில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரியைக் கணினி தேடிப் பிடிக்க வேண்டும். வழக்கமாக இதற்கு வெளியே உள்ள டிஎன்எஸ் வழங்கியிடம், அதாவது பெயர்களுக்கு எண் சொல்லும் வேறொரு கணினியிடம், கேட்கும். ஆனால் வெளியே கேட்பதற்கு முன்னால் தன்னிடமுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தப் பெயர் எழுதியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளும். எழுதியிருந்தால் அதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டு வெளியே கேட்காமல் இருந்துவிடும். ஆகவே, வேண்டாத தளத்தின் பெயருக்கு எதிரே நாமாக ஒரு பொய் முகவரியை எழுதி வைத்தால், கணினி நம்பிப் போய் வெறும் சுவரில் முட்டிக்கொண்டு திரும்பிவிடும். பொய் முகவரியாக 127.0.0.1 என்பதையோ 0.0.0.0 என்பதையோ எழுதுவார்கள். முன்னது கணினி தன்னையே குறிக்கும் எண். பின்னது விண்டோஸில் எங்கும் போய்ச் சேராத எண். முயற்சி அந்தக் கணமே தோற்றுவிடுவதால் நான் பின்னதையே பயன்படுத்துகிறேன்.

இந்தக் கோப்பு தடுப்பதற்காகப் பிறந்ததன்று. 1970களில், இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த கணினிகளின் பெயரும் எண்ணும் கொண்ட ஒரே பட்டியலைக் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்ஆர்ஐ ஆய்வு நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு பராமரித்தது. மற்ற இடங்களில் இருந்தவர்கள் அதை நகலெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியபோது ஒரு பட்டியலால் சமாளிக்க முடியவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டிஎன்எஸ் முறை வந்தது. பழைய பட்டியலுக்கான இடம் மட்டும் ஒவ்வொரு கணினியிலும் ஓர் ஓரமாக அப்படியே தங்கிவிட்டது. தாத்தா காலத்துத் தாழ்ப்பாள் புதுக் கதவிலும் இருப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவுவதற்கு ஒன்றுமில்லை என்றாலும் முதல் முறை தொடும்போது எரிச்சல் உண்டு. கோப்பு இருக்கும் இடம் சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி. அங்கே நேராகப் போய் இரட்டைச் சொடுக்குப் போட்டுத் திறந்து, எழுதி, சேமிக்கப் போனால் அனுமதியில்லை என்று கணினி மறுத்துவிடும். நோட்பேடை வலச் சொடுக்கில் ‘நிர்வாகியாக இயக்கு’ என்று தொடங்கிய பிறகே கோப்பைத் திறக்க வேண்டும். அப்படிச் செய்தும் இடிசி உறை காலியாகவே தெரிந்தது. நோட்பேட் உரைக் கோப்புகளை மட்டும் காட்டும் வழக்கமுடையது, ஹோஸ்ட்ஸ் கோப்புக்கோ பெயருக்குப் பின்னால் வகையைச் சொல்லும் வால் எதுவும் கிடையாது என்பதால், ‘எல்லாக் கோப்புகளும்’ என்று மாற்றினால்தான் கண்ணில் படும். நான் செய்த தவறு இதற்கும் அடுத்த கட்டம். முதல் நாள் கோப்பை வேறிடத்தில் நகலெடுத்துத் திருத்தி, பிறகு இடிசி உறைக்குள் கொண்டுவந்து போட்டேன். சேமிக்கும்போது நோட்பேட் அதன் பெயருக்குப் பின்னால் ‘டாட் டிஎக்ஸ்டி’ என்ற வாலை ஒட்டிவிட்டிருந்தது. விண்டோஸ் வழக்கமாக வாலை மறைத்தே காட்டுவதால் ஒரே உறைக்குள் ஹோஸ்ட்ஸ் என்று இரண்டு கோப்புகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இது எப்படிச் சாத்தியம் என்று அரை மணி நேரம் திகைத்தேன். ‘கோப்புப் பெயர் நீட்சிகளைக் காட்டு’ என்பதை இயக்கிய பிறகே வால் முளைத்த போலி வெளிப்பட்டது.

இந்தச் சிரமம் வேண்டாம் என்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் ஹோஸ்ட்ஸ் கோப்புத் திருத்தி என்று ஒன்று 2022 முதல் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் விளக்குப் பொத்தான்போல் ஓர் அணைப்பு, திறப்பு உண்டு. மேக் கணினிகளில் இதே கோப்பு இடிசி உறையில் இருக்கிறது. டெர்மினல் வழியாகக் கடவுச்சொல் கொடுத்துத் திருத்த வேண்டும். எதுவானாலும் திருத்துவதற்கு முன்பு பழைய கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்திச் சேமித்த பிறகும் அந்தத் தளம் பாட்டுக்குத் திறந்துகொண்டிருந்தால் பதற வேண்டாம். உலாவி ஏற்கனவே போட்டு வைத்திருந்த இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். உலாவியின் எல்லாச் சன்னல்களையும் மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்போதும் பிடிவாதம் பிடித்தால் கட்டளைச் சன்னலில் ஐபிகான்ஃபிக் கட்டளையை ஃபிளஷ்டிஎன்எஸ் என்ற தெரிவுடன் கொடுக்க வேண்டும். முதல் வெற்றி ஒரு புதன்கிழமை மாலை கிடைத்தது. மகன் கணினி முன் உட்கார்ந்து, நான்கைந்து முறை தட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, வைஃபை போயிடுச்சா? பக்கம் வரவே மாட்டேங்குது” என்றான். இந்த முறையின் ஒரு நல்ல குணம் அதுதான். ‘உங்கள் பெற்றோர் தடுத்துள்ளனர்’ என்று சிவப்பு எழுத்தில் முகத்திலடிக்கும் அறிவிப்பு எதுவும் வராது. தளத்தை அடைய முடியவில்லை என்ற சாதாரண வரிதான் வரும். ஆனால் நான் அவனிடம் மறைக்கவில்லை, நான்தான் தடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டிருந்தால் இணையச் சேவை நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்திருப்பான்.

இனிக் குறைகள். முதல் குறை, இந்தக் கோப்புக்கு முழுப் பெயரைச் சொன்னால்தான் புரியும். ஒரு தளத்தின் பெயரை எழுதிவிட்டால் அதன் கிளைப் பெயர்கள் அனைத்தும் அடங்கிவிடும் என்று நினைத்தேன், அடங்கவில்லை. முன்னால் ‘டபிள்யூ’ மூன்று போட்ட பெயர் ஒரு வரி, போடாத பெயர் ஒரு வரி, கைத்தொலைபேசிப் பதிப்புக்கு ‘எம்’ என்று தொடங்கும் பெயர் ஒரு வரி என்று தனித்தனியே எழுத வேண்டும். இன்னார் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் என்று சொன்னால் அதற்கு விளங்காது, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்ல வேண்டும். நான் தடுக்க நினைத்தது பத்துப் பன்னிரண்டு தளங்கள். கோப்பில் இன்றிருப்பது 43 வரிகள்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. தளம் முழுவதையும் தடுக்கலாம், அல்லது முழுவதையும் விடலாம். நடுவில் ஒன்றும் இல்லை. யூடியூபின் குறுங்காணொளிகள்தான் எங்கள் வீட்டில் நேரத்தை விழுங்கின. அவற்றை மட்டும் தடுக்க முடியாது, ஏனென்றால் அவை தளத்தின் பெயருக்குப் பின்னால் வரும் பாதையில் இருக்கின்றன. ஹோஸ்ட்ஸ் கோப்பு பெயரோடு நின்றுவிடும், பாதையைப் பார்க்காது. சரி, மொத்தமாக அடைத்துவிடுவோம் என்று யூடியூபின் பெயரை எழுதினேன். மூன்றாம் நாள் மகள் அழாத குறையாக வந்து நின்றாள். பிள்ளைகள் எஸ்எல்எஸ் என்று சொல்லும் மாணவர் கற்றல் தளத்தில் தமிழாசிரியர் வாய்மொழிப் பயிற்சிக்காக ஒரு காணொளியை இணைத்திருந்தார். அந்தக் காணொளி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டமும், முகம் சுளித்த சிறு கோப்பின் படமும் மட்டுமே இருந்தன. கற்றல் தளம் திறக்கிறது, அதற்குள் இருக்கும் காணொளி மட்டும் யூடியூபிலிருந்து வர வேண்டியது என்பதால் வரவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அன்றிரவே அந்த வரிகளை எடுத்தேன்.

ஆனால் அந்தத் தோல்விதான் இந்தக் கோப்பின் மிகச் சிறந்த பயனை எனக்குக் காட்டியது. ஒரு பெயருக்கு எதிரே பொய் முகவரியைத்தான் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை; வேறொரு உண்மையான முகவரியையும் எழுதலாம். கூகுள் நிறுவனமே இதற்கென்று சில முகவரிகளை வைத்திருக்கிறது. 216.239.38.120 என்ற எண்ணை எழுதி, அதற்கு எதிரே கூகுளின் தேடல் பெயரையும், சிங்கப்பூருக்கான ‘டாட் எஸ்ஜி’ பெயரையும் போட்டால், அந்தக் கணினியில் யார் தேடினாலும், ஆபாச முடிவுகளை மறைக்கும் பாதுகாப்புத் தேடல் நிரந்தரமாக இயங்கும். அமைப்பில் போய் அணைத்தாலும் அணையாது. யூடியூபுக்கும் இதே எண்ணைக் கொடுத்தால் கடுமையான கட்டுப்பாட்டு முறையும், கடைசி எண்ணை 119 என்று மாற்றினால் மிதமான கட்டுப்பாட்டு முறையும் செயல்படும். யூடியூபின் முதன்மைப் பெயர், கைத்தொலைபேசிப் பெயர், ‘நோகுக்கி’ என்று வரும் பெயர், கூகுள் ஏபிஐக்கள் என்ற வகையில் வரும் இரண்டு பெயர்கள் ஆகிய ஐந்தையும் எழுத வேண்டும். வேறு தளத்தின் முகவரியைத் திருட்டுத்தனமாக எழுதினால் தளத்தின் அடையாளச் சான்றிதழ் பொருந்தவில்லை என்று உலாவி கூச்சல் போடும். இது கூகுளின் சொந்த வழங்கி என்பதால் அந்தச் சிக்கல் எழுவதில்லை. மிதமான முறைக்கு மாற்றிய பிறகு ஆசிரியரின் காணொளி ஓடியது, காணொளிகளுக்குக் கீழே வரும் கருத்துகள் மறைந்தன. குறுங்காணொளிகள் மறையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கூகுள் என்றாவது எண்ணை மாற்றிக்கொண்டால் நாமும் கோப்பைத் திறந்து மாற்ற வேண்டியிருக்கும், ஏனென்றால் இந்தக் கோப்பில் பெயருக்கு எண்ணைத்தான் எழுத முடியும், இன்னொரு பெயரை எழுத முடியாது.

இப்போது மகனின் பங்கு. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, வேறொரு தளத்தைச் சேர்ப்பதற்காகக் கோப்பைத் திறந்தேன். வரிகள் அனைத்தும் நான் எழுதியபடியே இருந்தன. ஒன்றின் தொடக்கத்தில் மட்டும் # என்ற குறி இருந்தது. அந்தக் குறி இருந்தால் கணினி அந்த வரியைக் குறிப்பு என்று எடுத்துக்கொண்டு கடந்துவிடும். வரியை அழிக்கவில்லை, மற்ற வரிகளைத் தொடவில்லை. தனக்கு வேண்டிய ஒரே ஒரு விளையாட்டுத் தளத்துக்கு முன்னால் ஒரே ஒரு குறி. கோபப்படுவதா, பாராட்டுவதா என்று தெரியவில்லை. கேட்டபோது, “நீங்க எல்லாத்தையும் செக் பண்ணமாட்டீங்கன்னு நினைச்சேன் அப்பா” என்றான். பையன்மீது பிழையில்லை; அவனுடைய கணக்கையும் நான் நிர்வாகிக் கணக்காகவே விட்டு வைத்திருந்தேன். நிர்வாகி உரிமை உள்ளவருக்கு இந்தக் கோப்பு ஒரு தடையே அன்று. பிள்ளைகளின் கணக்குகளைச் சாதாரணப் பயனர் கணக்காக மாற்றி, நிர்வாகிக் கடவுச்சொல்லைத் தனியே வைத்துக்கொள்ளாத வீட்டில், இந்த மதிப்புரையில் சொன்ன எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது. கோப்பைத் திருத்துவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய இந்த வேலையைத்தான் நான் கடைசியில் செய்தேன்.

அதற்குப் பிறகும் வழி இருந்தது. உலாவிக்குள் நிறுவும் சில இலவச நீட்சிகள், தளத்தின் பெயரைக் கணினியில் தேடாமல் எங்கோ இருக்கும் பதிலி வழங்கியிடம் ஒப்படைத்துவிடும். பெயருக்கு எண் தேடும் வேலை அங்கேயே நடக்கும். கணினி தன் கோப்பைப் புரட்டிப் பார்க்க வாய்ப்பே கிடைப்பதில்லை. அடையாளத்தை மறைத்து உலாவ உதவும் டார் உலாவியும் இப்படித்தான் கடந்துபோகிறது. சாதாரணப் பயனர் கணக்கிலிருந்தும் உலாவி நீட்சிகளை நிறுவலாம் என்பதால் இதைக் கோப்பால் தடுக்க இயலாது. நீட்சிகளின் பட்டியலை மாதம் ஒரு முறை அவனோடு சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வேண்டுமானால் மைக்ரோசாஃப்ட் குடும்பப் பாதுகாப்பு என்ற இலவசச் சேவையைச் சேர்க்கலாம். அதன் தள வடிகட்டல் எட்ஜ் உலாவியில்தான் இயங்கும், மற்ற உலாவிகளை அது முடக்கிவிடும். என் மனைவிக்குக் குரோம் வேண்டும் என்பதால் அந்த யோசனை எங்கள் வீட்டில் எடுபடவில்லை.

கைத்தொலைபேசிகளைப் பொறுத்தவரை ஹோஸ்ட்ஸ் கோப்பு இருந்தும் இல்லாததுதான். சாதாரண ஐபோனிலோ ஆண்ட்ராய்டிலோ அதை நாம் தொட முடியாது. பள்ளியில் வாங்கிய கற்றல் சாதனத்துக்கும் இது பொருந்தாது. அதற்குக் கல்வி அமைச்சின் ஏற்பாட்டில் தனி நிர்வாகச் செயலி இருக்கிறது. பள்ளி நேரத்துக்குப் பிறகு எந்த அளவு கட்டுப்பாடு வேண்டும் என்பதைப் பெற்றோர் தெரிவு செய்யலாம். அதன் மேல் நாமும் கைவைக்க வேண்டியதில்லை.

ஆயத்தப் பட்டியல்களைப் பற்றிப் பலர் கேட்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நிரலாளர்கள் தங்கள் ஆக்கங்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஸ்டீவன் பிளாக் என்பவர் பராமரிக்கும் தொகுப்பு புகழ்பெற்றது. பல பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்து, திரும்ப வருபவற்றை நீக்கித் தருகிறார்கள். அடிப்படைப் பதிப்பு விளம்பரத் தளங்களையும் தீங்குநிரல் பரப்பும் தளங்களையும் அடைக்கும். அதற்கு மேல் சூதாட்டம், ஆபாசம், பொய்ச் செய்தி, சமூக ஊடகம் ஆகியவற்றில் வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆபாசத் தளங்களுக்கு என் கைப்பட வரி எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதால் ஒரு பதிப்பை இறக்கிப் போட்டேன். விளம்பரங்கள் சட்டென்று குறைந்தன. செய்தித் தளங்கள் தலைமுழுகி வந்ததுபோல் சுத்தமாகத் தெரிந்தன. ஆனால் கோப்பில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வரிகள் சேர்ந்தபோது கணினி தொடங்கிய முதல் சில நிமிடங்களுக்கு எந்தப் பக்கமும் அசையவில்லை. விண்டோஸின் டிஎன்எஸ் சேவை இவ்வளவு பெரிய கோப்பை விழுங்கிச் செரிக்கத் திணறும் என்பது பழைய, பலரும் அறிந்த குறை. எங்கள் கணினியும் இளமையானதன்று. இரண்டு வாரத்தில் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு என் பழைய வரிகளுக்கே திரும்பினேன்.

ஆபாசத் தளங்களுக்கு வேறு இடத்தில் தீர்வு கிடைத்தது. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென்று திறந்த டிஎன்எஸ் முகவரியான 1.1.1.3 என்பதை வீட்டு ரூட்டரில் எழுதி வைத்தேன். தீங்குநிரல் தளங்களையும் ஆபாசத் தளங்களையும் அது வெளியிலேயே வடிகட்டிவிடுகிறது. வைஃபையில் இருக்கும் வரை கைத்தொலைபேசிகளுக்கும் பொருந்துகிறது. உலாவியின் அமைப்பில் போய் வேறொரு ‘பாதுகாப்பான டிஎன்எஸ்’ சேவையைத் தெரிவு செய்தால் இதைக் கடந்துவிடலாம் என்பதும் உண்மை. சிங்கப்பூரில் இணையச் சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்கு வடிகட்டல் சேவையை வழங்க முன்வர வேண்டும் என்பது தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதி. கோப்பு, எண், ரூட்டர் என்று எதிலும் கைவைக்க விருப்பமில்லாதவர்கள் தங்கள் நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கலாம்.

விண்டோஸுடன் வரும் நச்சுநிரல் தடுப்பானான டிஃபெண்டரோடு ஒரு சிறு உரசல் வரக்கூடும். 2020 ஜூலை இறுதியிலிருந்து, ஹோஸ்ட்ஸ் கோப்பில் மைக்ரோசாஃப்டின் தரவு சேகரிப்பு வழங்கிகளை யாராவது தடுத்திருந்தால், கோப்பு கடத்தப்பட்டுள்ளது என்று டிஃபெண்டர் எச்சரிப்பது வழக்கமாகியிருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டால் கோப்பைத் துடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். விளையாட்டுத் தளங்களை மட்டும் தடுத்த என் வரிகளை அது ஒன்றும் செய்யவில்லை.

மனிதர்கள் செய்தார்கள். ஏப்ரலில் கணினியின் பழைய வன்தட்டை மாற்றுவதற்காக மனைவி அதைப் பக்கத்து வட்டாரத்தில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றார். மாலையில் தொலைபேசியில் அழைத்து, “என்னங்க, நம்ம கம்ப்யூட்டர்ல வைரஸ் இருந்துச்சாம், கிளீன் பண்ணிட்டாங்களாம், அதுக்குத் தனியா 45 வெள்ளியாம்” என்றார். இரசீதைப் பார்த்தால் ‘ஹோஸ்ட்ஸ் கோப்பு பாதிப்பு நீக்கம்’ என்று தனி வரி. என் வரிகள் அனைத்தும் போயிருந்தன. கடைக்காரர் சந்தேகப்பட்டதில் நியாயம் உண்டு. தீங்குநிரல்கள் இந்தக் கோப்பைக் குறிவைப்பது பழைய கதை. 2004 ஜனவரியில் பரவிய மைடூம் பி என்ற நிரல், பாதிக்கப்பட்ட கணினிகள் நச்சுநிரல் தடுப்பு நிறுவனங்களின் தளங்களையும் மைக்ரோசாஃப்டின் தளத்தையும் அடைய முடியாதபடி இதே கோப்பில்தான் வரிகளைச் செருகியது. ஆனால் என் கோப்பின் முதல் வரியில் # போட்டு, ‘பிள்ளைகளுக்காக வீட்டில் எழுதியது, நீக்க வேண்டாம்’ என்று தமிழில் தெளிவாக எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் படிக்கத் தெரியாதது அவர் குற்றமில்லை. படிக்க முடியாததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் 45 வெள்ளி வாங்கியது குற்றம்தான். இப்போது அந்தக் குறிப்பு ஆங்கிலத்திலும் இருக்கிறது. நகல் ஒன்று என் மின்னஞ்சலில் இருந்ததால் ஐந்து நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

ஆக, யாருக்கு இது உதவும்? வீட்டில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒரே கணினி இருந்து, தடுக்க வேண்டியவை இன்னின்ன தளங்கள் என்று பெயர் சொல்லக்கூடிய அளவில் இருந்தால், எந்தக் கட்டண மென்பொருளையும்விட இதைத்தான் பரிந்துரைப்பேன். சந்தா இல்லை, பிள்ளைகளின் உலாவல் விவரம் யாருடைய வழங்கிக்கும் போவதில்லை, கணினி மந்தமாவதில்லை, மென்பொருள் நிறுவனம் மூடிவிட்டால் என்ன ஆகும் என்ற கவலையும் இல்லை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐந்தில் நான்கரை நட்சத்திரம் தரலாம். மகள் இன்றுவரை அந்தத் தளங்கள் ‘மூடிட்டாங்க’ என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டரைதான். அந்த வயதில் இது தடுக்காது, தாமதப்படுத்தும். ஆனாலும், கை தானாகப் போய் ஒரு பெயரைத் தட்டுவதற்கும், அதைத் திறக்க ஒரு குறுக்கு வழியைத் தேடுவதற்கும் இடையே அவன் ஒரு கணம் நிற்க வேண்டியிருக்கிறது. பல நாள்களில் அந்த ஒரு கணத்தில் அவன் வேறு ஏதாவது செய்யப் போய்விடுகிறான் என்பதை எட்டு மாதமாகப் பார்த்துவருகிறேன். நேரம் குறித்துத் தடுக்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று அறிக்கை வேண்டும், செயலிகளையும் முடக்க வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். இதில் அவை எதுவும் இல்லை.

என் கோப்பின் 43ஆவது வரி பிள்ளைகளுக்கானது அன்று. ஐபிஎல் இரவு ஆட்டம் இந்தியாவில் ஏழரை மணிக்குத் தொடங்கும்போது இங்கே இரவு பத்து மணி. முடியும்போது ஏறக்குறைய இரண்டு. ஓட்ட எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டுப் படுக்கிறேன் என்று சொல்லி மார்ச் இறுதியிலிருந்து காலையில் தூங்கி வழிந்துகொண்டே வேலைக்குப் போனேன். ஏப்ரலில் கோப்பைத் திரும்பப் போட்ட அன்று, மனைவி பக்கத்தில் நின்று அந்தத் தளத்தின் பெயரையும் கடைசி வரியாகச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். பிறகு என் கணக்கையும் சாதாரணப் பயனர் கணக்காக மாற்றச் சொன்னார். நிர்வாகிக் கடவுச்சொல் இப்போது அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.